சாலையோரத்தில் கிடப்பது யார் வீட்டு நாய்?

ஒரு மார்கழிக் காலை. கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. செம்பழுப்பு நிறம், இடது முன்கால் மட்டும் வெள்ளை. இரவில் எப்போதோ அடிபட்டிருக்க வேண்டும். உடல் விறைத்துப்போய், ரோமத்தின் மேல் பனி இறங்கியிருந்தது. பால் கேனோடு வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "யார் வூட்டு நாயோ தெரியல, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குனிந்து பார்த்தேன். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒற்றைப் பித்தளைச் சலங்கை. கயிற்றில் பழைய முடிச்சுகளின் தடம் இரண்டு இடங்களில் தெரிந்தது. குட்டியாக இருந்தபோது கட்டிய கயிறு இறுக இறுக, யாரோ அவிழ்த்து அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மாலையில் அதே வழியாகத் திரும்பியபோது உடல் இல்லை. தாரில் ஒரு கறை மட்டும் இருந்தது. அந்த முடிச்சைப் போட்ட கை, அன்று இரவு ஏதோ ஒரு வாசலில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்.

உடல் கிடந்த இடத்துக்கும் அந்த வாசலுக்கும் அதிகம் போனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால் செய்தி அந்தத் தூரத்தைக் கடக்கவே இல்லை. செத்த உடலைச் சாலையிலிருந்து அகற்ற நம்மிடம் ஆள் உண்டு, வண்டி உண்டு, குழி தோண்ட இடமும் உண்டு. அகற்றுவதற்கு முன் அது யாருடையது என்று பார்த்துச் சொல்லத்தான் ஒரு முறை இல்லை. அதற்கு வேண்டிய அறிவும் கருவியும் ஏறத்தாழ முழுவதும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோப்பதுதான் பாக்கி.

சாலையும் மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. உளுந்தூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 79 மாவட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. கிழக்கே உளுந்தூர்பேட்டையைத் தொட்டுக்கொண்டு சென்னை – திருச்சி சாலை போகிறது. மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது.

நெடுஞ்சாலை ஊர்களைப் பிளந்துகொண்டு போன இடங்களில் வீடு ஒரு பக்கம், கழனி மறுபக்கம். ஆடு மேய்க்கப் போகிறவர் பின்னால் நாயும் போகும். தினமும் இருமுறையாவது அது சாலையைக் கடந்தாக வேண்டும். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளை நோக்கி இரவு முழுக்க டிராக்டர்கள் ஓடுகின்றன. பனிக்காலத்தில் பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தார், இரவில் மண்ணைவிடச் சூடாக இருக்கும். குளிருக்கு நாய்கள் அதில் வந்து படுக்கின்றன. மக்காச்சோளம் காயப்போட்ட ஓரங்களில் ஆடும் கோழியும் கூடுகின்றன. சாகிற விலங்கு தற்செயலாக அங்கே வந்ததல்ல. அதன் அன்றாட வழியே அதுதான்.

மலையில் கதை வேறு. ஜாகிர்தார்கள் கையில் நெடுங்காலம் இருந்த கல்வராயன், 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாலை, மருத்துவமனை, பள்ளி நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை அம்மக்களின் உரிமை. அது பல பத்தாண்டுகள் தாமதமாக வருகிறது. அது வரத்தான் வேண்டும். வரும்போது அதனுடன் வேகமும் வருகிறது. ஒற்றையடிப் பாதையில் மனிதருக்கு முன்னே ஓடிப் பழகிய நாய்க்கும், வழியில் படுத்து அசைபோட்டுப் பழகிய மாட்டுக்கும் அந்த வேகம் தெரியாது.

இங்கே 'வளர்ப்புப் பிராணி' என்ற சொல்லை நகரத்துப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நகரத்தில் கழுத்துப்பட்டை போட்டது வளர்ப்பு நாய், போடாதது தெருநாய் என்று பிரித்துவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சிக் கிராமத்தில் நாயை யாரும் கட்டிப்போடுவதில்லை. அது ஆட்டுப் பட்டிக்குக் காவல், மரவள்ளிக் காட்டில் பன்றியை விரட்டும் துணை, பிள்ளைகளோடு பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பும் தோழன். ஊரில் யாரைக் கேட்டாலும் அது யார் வீட்டு நாய் என்று சொல்வார்கள். ஊரைவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையில் கிடக்கும்போது மட்டும் அது அநாதை ஆகிவிடுகிறது. கட்டாத நாயெல்லாம் தெருநாய் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

தெரியாமல் போவதன் விலை

முதல் விலை மனத்துக்கு. செத்த நாயைப் புதைத்தவர் இரண்டு நாள் அழுதுவிட்டு வேலைக்குப் போவார். காணாமற்போன நாயைத் தேடுகிறவருக்கு அந்த இரண்டு நாள் முடிவதே இல்லை. யாராவது பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ, கிணற்றில் விழுந்திருக்குமோ, மலையேறிப் போயிருக்குமோ என்று ஒவ்வொரு சாத்தியத்தையும் நடந்து பார்க்கிறார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் கொடுமை. நிச்சயமான ஒரு சாவுச் செய்தி, முடிவில்லாத காத்திருப்பைவிடக் கருணையானது.

இரண்டாவது விலை பணம். அடிபட்டது மாடு என்றால் ஒரு குடும்பத்தின் மாத வருமானமே போகிறது. காப்பீடு செய்த மாடு செத்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வு செய்து சான்று தர வேண்டும். காதுவில்லையை ஒப்படைக்க வேண்டும். வில்லை இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்பதே கால்நடைக் காப்பீட்டில் நடைமுறை. உரிமையாளருக்குத் தெரியாமலே உடல் புதைக்கப்பட்டால் மாடும் போகிறது, வில்லையும் போகிறது, காப்பீடும் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விபத்தில் உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்காக உடைமையாளர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். எங்கே, எப்போது, எந்த வண்டியில் என்று தெரியாதவர் எதை வைத்துக் கேட்பார்?

மூன்றாவது விலைதான் மிகக் கடுமையானது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். வெறிநோய் கண்ட நாய் நிதானம் இழந்து, வழக்கமான எல்லையைத் தாண்டி ஓடும். அப்படி ஓடுகிற நாய் சாலையில் அடிபடுவது எளிது. அது வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் யாரையாவது கடித்திருக்கலாம். ஒரு குழந்தையின் சிராய்ப்பை நக்கியிருக்கலாம். நாய் கடித்தால் ஊசியைத் தொடங்கிவிட்டு, கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். நாய் காணாமற்போனால் அந்தக் கவனிப்பு அறுந்துவிடுகிறது. "அது எங்கேயோ ஓடிப்போச்சு" என்று சொல்லி, மீதி ஊசியைப் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. சாலையோரத்து உடலை அடையாளம் கண்டிருந்தால் அந்த வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை போயிருக்கும். ஐயம் இருந்தால் மூளைத் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கலாம். நாய்வழிப் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை இந்தியா 2021இல் வெளியிட்டது. சாலையில் சாகும் நாய்களைக் கணக்கில் எடுக்காமல் அந்த இலக்கை நெருங்குவது கடினம்.

உடல் சொல்லும் விவரம்

மாட்டிலிருந்து தொடங்குவோம். கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் எதிராக 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தடுப்பூசியோடு காதுவில்லையும் சேர்ந்து வந்தது. விவசாயிகள் அதைக் கம்மல் என்கிறார்கள். மஞ்சள் நிறம், மெல்லிய பிளாஸ்டிக். அதில் 12 இலக்க எண்ணும் பட்டைக் குறியீடும் இருக்கும். அந்த எண்ணை 'பாரத் பசுதன்' செயலியின் தரவுத்தளத்தில் தேடினால் மாட்டின் இனம், வயது, போட்ட தடுப்பூசி, உரிமையாளர் பெயர், ஊர், கைபேசி எண் வரை கிடைக்க வேண்டும். அந்தத் தளத்தைத் திறக்கும் உரிமை கால்நடைத் துறையினரிடம் இருக்கிறது. செத்த மாட்டின் காதைத் திருப்பி எண்ணைப் படம் எடுத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினால் போதும். உரிமையாளரின் கைபேசி சில நிமிடங்களில் அடிக்கும். நோய்த் தடுப்புக்காக அரசு செலவு செய்து மாட்டுக்கு மாடு ஒட்டிய முகவரி இது. மாடு உயிரோடிருக்கும்வரை அதைப் படிக்கிறோம், செத்தபின் காதோடு புதைத்துவிடுகிறோம்.

நாய்க்கு அப்படி ஓர் எண் இல்லை. ஆனாலும் அதன் உடலைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது நிறையச் சொல்லும். பட்டையோ கயிறோ அறுந்து போயிருந்தாலும் கழுத்தைச் சுற்றி ரோமம் தேய்ந்த வளையம் இருக்கும். நகம் ஓட்டத்தில் தேய்ந்திருந்தால் காட்டிலும் சாலையிலும் திரிந்த நாய். நீண்டு வளைந்திருந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் இருந்த நாய். காதின் ஓரத்தில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்து விடப்பட்டது என்று பொருள். பெண் நாயின் மடியைப் பார்த்தால் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததா என்பது தெரியும். கொடுத்துக்கொண்டிருந்தது என்றால் பக்கத்தில் எங்கோ பால்குடிக் குட்டிகள் பசித்துக் கிடக்கின்றன. உரிமையாளரைக் கண்டுபிடிப்பது அப்போது சாவுச் செய்தி சொல்வதற்காக மட்டும் இல்லை, உயிர் காப்பதற்காகவும்தான். காலில் கட்டிய தாயத்து, நெற்றியில் மாட்டுப் பொங்கலுக்கு வைத்த மஞ்சளின் மிச்சம், வயிற்றில் பூசிய வேப்பெண்ணெயின் வாடை எல்லாமே ஒரு வீட்டின் கைரேகைகள்.

மைக்ரோசிப் இவற்றுக்கு அப்பால் ஒரு வழி. அரிசியைவிடச் சற்றுப் பெரியது, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம். ஊசிமூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைக்கிறார்கள். பாட்டரி கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைக் காட்டும். சிப் இருக்குமிடத்தைக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள், காட்டாது. உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் அதற்குள் இல்லை. அந்த 15 இலக்கம் எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று தேடினால்தான் பயன். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மாநகரத்தில் அது சரியான தொடக்கம். கச்சிராயபாளையத்துப் பட்டி நாய்க்கு இன்றைய நிலையில் சிப்பைவிட, உரிமையாளரின் கைபேசி எண் பொறித்த ஒரு தகர வில்லை அதிகம் உதவும். அதைப் படிக்கக் கருவி வேண்டாம், கண் போதும்.

உயிரோடிருந்தால் தண்டோரா

இப்படி ஒரு கடமை நமக்குப் புதிது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் பாருங்கள். ஊருக்கு ஊர் 'பவுண்டு' என்று அழைக்கப்பட்ட மாட்டுப்பட்டி அந்தச் சட்டத்தின் பிள்ளை. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தால் பட்டிக் காவலர் பதிவேட்டில் எழுத வேண்டும். 7 நாளில் யாரும் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காவல் அதிகாரி மாட்டின் எண்ணிக்கை, அடையாளம், பிடிபட்ட இடம் ஆகியவற்றை எழுதி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் பறையடித்துச் சொல்ல வேண்டும். அதன்பின் மேலும் 7 நாள் காத்திருந்துதான் ஏலம் விடலாம்.

அந்தச் சட்டம் அபராதம் வசூலிக்கப் பிறந்தது, அன்பினால் பிறந்ததல்ல. இருந்தும் அதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது: விலங்கைப் பார், அடையாளத்தை எழுது, ஊரில் சொல், காத்திரு. உயிரோடு வழிதவறிய மாட்டுக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு முறை. சாலையில் செத்த மாட்டுக்கும் நாய்க்கும் இதில் ஒரு படியும் இல்லை. பறையடித்து அறிவிக்கும் தண்டோராவை நிறுத்தி ஒலிபெருக்கி வழியே அறிவிக்கும்படி தமிழ்நாடு அரசு 2022இல் சொன்னது. மனித மாண்பைக் காக்கும் நல்ல முடிவு அது. தண்டோரா போனது சரி. அறிவிப்பும் கூடவே போய்விடக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 134ஆம் பிரிவு, விபத்தில் ஒருவர் காயமடைந்தாலோ பிறர் உடைமை சேதமடைந்தாலோ, காவலர் அங்கே இல்லாதபோது ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நாய் அடிபட்டால் இது பொருந்துமா? வளர்ப்பு நாய் ஒன்று வாகனம் மோதி இறந்த வழக்கில் 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அந்தப் பிரிவு காயமடைந்த மனிதரைப் பற்றியது, விலங்கை அதற்குள் கொண்டுவர முடியாது என்று கூறி வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டில் மும்பை உயர் நீதிமன்றமும் நாய் இறந்த ஒரு வழக்கில், மனித உயிருக்கான அஜாக்கிரதைப் பிரிவுகள் விலங்குக்குப் பொருந்தா என்றது. வேண்டுமென்று விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் குற்றம். தவறுதலாக மோதிவிட்டு நிற்காமல் போகிறவருக்கு, உரிமையாளரிடம் சொல்லும் தெளிவான கடமையை எந்தச் சட்டமும் வைக்கவில்லை. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

அதே நேரத்தில் சாலைகளின் மேல் கவனம் கூடியிருக்கிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளையும் பிற திரியும் விலங்குகளையும் அகற்ற ரோந்துக் குழுக்களை அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருக்கிறது. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 இருக்கிறது. உயிருள்ள விலங்கைத் தேடிச் சாலையில் போகப்போகும் அதே கண்கள், கிடக்கும் உடலின் காதையும் கழுத்தையும் பார்க்கலாம்.

மற்றவர்கள் செய்த விதம்

இங்கிலாந்தில் 2013இல் ஹார்வி என்ற நாய் காணாமற்போனது. குடும்பம் வாரக்கணக்கில் தேடியது. எம்62 நெடுஞ்சாலையில் அது அடிபட்டு இறந்ததும், உடல் அப்போதே அப்புறப்படுத்தப்பட்டுவிட்டதும் மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. சிப்பைப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதிலிருந்து எழுந்த இயக்கத்தின் கோரிக்கை 2015 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் சாகும் நாய்களின் உடலை ஸ்கேன் செய்து உரிமையாளரைத் தேடும் நடைமுறைக்கு அரசு இசைந்தது. அந்நாட்டுச் சட்டப்படி நாய், மாடு, ஆடு, குதிரை முதலியவற்றின் மேல் மோதினால் ஓட்டுநர் நிற்க வேண்டும். பூனை அந்தப் பட்டியலில் இல்லை. பூனைக்காக இன்னொரு இயக்கம் எழுந்தது. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் பூனைக்கும் சிப் கட்டாயம்.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர், 2021இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியது. எந்த விலங்கின் மேல் மோதினாலும், அதற்கு உரிமையாளர் இருக்கலாம் என்று கருத நியாயம் இருந்தால் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். இந்தச் சொற்கட்டு நமக்கு முக்கியம். 'பட்டை இருந்தால்' என்று அது சொல்லவில்லை. உரிமையாளர் இருக்கலாம் என்று கருத நியாயம் இருந்தாலே போதும் என்கிறது. கள்ளக்குறிச்சிக் கிராமத்து நாய்க்குப் பொருந்தும் வரையறை அது.

நெதர்லாந்தில் 1933 முதல் அமிவெடி என்ற தன்னார்வ அமைப்பு, காணாமற்போன விலங்குகளையும் கண்டெடுத்த விலங்குகளையும் ஒரே பதிவேட்டில் எதிரெதிரே எழுதி ஒப்பிட்டுவருகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, நோட்டிலும் அட்டையிலும் தொடங்கிய வேலை. தொலைத்தவரும் கண்டெடுத்தவரும் ஒரே இடத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சூத்திரம். கருவி அதற்குப் பிறகு வந்தது.

இங்கே என்ன செய்யலாம்

இவற்றிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு முறை வகுத்தால் அது ஐந்து செயல்களில் அடங்கும். உடலைத் தொடும் முன் பார்; காது, கழுத்து, நிறம், குறி தெரிய மூன்று படம் எடு; வில்லை இருந்தால் எண்ணைக் குறி; இடத்தையும் நேரத்தையும் எழுது; சொல். நகராட்சித் தூய்மைப் பணியாளரும், ஊராட்சியின் தூய்மைக் காவலரும், நெடுஞ்சாலை ரோந்து ஊழியரும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர்களுக்குக் கையுறை தர வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும், வேலை நேரத்தில் அதைச் சேர்க்க வேண்டும். செத்த விலங்கைத் தூக்குகிறவரை ஊர் இதுவரை எப்படி நடத்தியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இனி அவர் ஒரு குடும்பத்துக்குச் செய்தி கொண்டுபோகிறவர். அந்த மரியாதையோடுதான் இந்த முறை தொடங்க வேண்டும்.

சொல்ல வேண்டிய இடம் ஒன்றாக இருக்க வேண்டும். ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், கால்நடை மருந்தகம், காவல் நிலையம் என்று நாலு இடத்தில் சிதறினால் ஒன்றும் சேராது. மாவட்டக் கால்நடைத் துறையில் ஒரு கைபேசி எண், ஒரு பதிவேடு போதும். ஒரு பக்கத்தில் சாலையில் கிடைத்தவை, எதிர்ப்பக்கத்தில் காணவில்லை என்று வந்த புகார்கள். ஊர்க் குழுக்களில் வாட்ஸ்அப் ஏற்கெனவே ஓடுகிறது. அதில் சிதைந்த உடலின் படத்தைப் போட வேண்டாம். "செம்பழுப்பு, இடது முன்கால் வெள்ளை, கழுத்தில் கறுப்புக் கயிறு, ஒற்றைச் சலங்கை" என்று எழுதினால் உரியவருக்குப் புரியும். அந்தப் படத்தைக் குழந்தை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மலையில் பல இடங்களில் சிக்னல் எட்டாது. அங்கே வாரச்சந்தை, ரேஷன் கடை, வெள்ளிமலைப் பேருந்து, பள்ளிக்கூடம் ஆகியவைதான் செய்தி போகும் தடங்கள். அடிவாரத்திலும் வெள்ளிமலையிலும் ஒவ்வொரு கரும்பலகை வைத்து, பேருந்து நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாலைக்குள் அது உரிய ஊருக்குப் போய்விடும். மலை ஊர்களில் நாய்களுக்கும் பெயர் உண்டு. ஓர் ஊர் நாயை அடுத்த ஊருக்கும் தெரியும்.

அடையாளம் கொடுப்பதை வெறிநோய்த் தடுப்பூசி முகாமோடு சேர்க்கலாம். ஊசி போட்டதும் எண் அடித்த அலுமினிய வில்லை, இரவில் ஒளிரும் பட்டை, பதிவேட்டில் ஒரு வரி. ஒளிரும் பட்டை நாயைச் சாகாமல் காக்க உதவும், வில்லை செத்தால் அடையாளம் சொல்லும், ஊசி வீட்டைக் காக்கும். மூன்றும் ஒரே நாளில் முடியும். ஸ்கேனரைப் பொறுத்தவரை மாவட்டத்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒவ்வொன்று இருந்தால் போதும். சின்னசேலத்தைத் தாண்டினால் சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் இருக்கின்றன. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் விலங்குகள் சாகின்றன என்று அங்கு படிக்கும் மாணவர்கள் ஓராண்டு இந்தப் பதிவேட்டைக் கொண்டே ஆராயலாம். முதுமலையிலும் ஆனைமலையிலும் சாலையில் சாகும் காட்டுயிர்களை எண்ணி ஆய்வு செய்திருக்கிறார்கள். எண்ணியதால்தான் வேகத்தடையும் மரத்துக்கு மரம் பாலமும் பற்றிப் பேச முடிந்தது. வீட்டு விலங்குகளை எண்ணத் தொடங்கினால், ஆடுமாடு கடக்கச் சுரங்கப்பாதை எங்கே வேண்டும் என்பதை அந்தப் பதிவேடே சொல்லும்.

மனிதர்கள் சாகிற சாலையில்

மனிதர்களே அடிபட்டுச் சாகும் சாலையில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையில் நான்குவழி வந்த பிறகும் ஊர்ப் புறவழிகள் பலகாலம் இருவழியாகவே நின்று எத்தனை குடும்பங்களை அழவைத்தன என்பது இப்பகுதிக்காரர்களுக்குத் தெரியும். அந்தத் துயரத்தோடு இதை நான் போட்டிக்கு வைக்கவில்லை. இரண்டும் ஒரே சாலையின் நோய்கள். இரவில் நாய் அடிபட்ட அதே வளைவில்தான் மறுநாள் நாயைத் தவிர்க்கத் திருப்பிய பைக் கவிழ்கிறது. விலங்கு சாகும் இடங்களின் பட்டியல், மனிதர் சாகக்கூடிய இடங்களின் முன்னெச்சரிக்கைப் பட்டியலும் ஆகும்.

தெரிந்தால் சண்டை வரும், உரிமையாளர் பணம் கேட்பார், ஓட்டுநரை அடிப்பார்கள் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தால்தான் நிறுத்த மனமிருப்பவரும் நிறுத்தாமல் போகிறார். அதனால் தகவல் சொல்லும் கடமையையும் தண்டனையையும் பிரித்து வைக்க வேண்டும். மோதியவர் 1033க்கோ 1962க்கோ அழைத்து இடத்தைச் சொன்னால் அது அவருக்கு எதிரான சாட்சி ஆகாது என்ற உறுதி வேண்டும். உயிர் ஊசலாடும் விலங்குக்கு அந்த அழைப்பு சிகிச்சையையும், செத்த விலங்கின் வீட்டுக்குச் செய்தியையும் கொண்டுபோகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பால், திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனின் உருவத்துக்கு அருகில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துத் துரத்திக் காவல் நின்றதைச் சொல்லும் வட்டெழுத்து வரிகளில் அதன் பெயரும் இருக்கிறது: கோவிவன். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக்கூடக் கல் இருக்கிறது.

கோவிவன் யாருடைய நாய், எங்கே நின்றது, என்ன செய்தது என்று 1,400 ஆண்டுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. அந்தச் செய்தியைக் கல்லில் வெட்ட ஒருவருக்குப் பல நாள் ஆகியிருக்கும். சின்னசேலம் சாலையில் கிடந்த செம்பழுப்பு நாயின் செய்தியை அதன் வீட்டுக்குக் கொண்டுபோக ஐந்து நிமிடமும் ஒரு கைபேசியும் போதும். அதன் பெயர் எனக்குத் தெரியாது. அது தெரிந்த ஒருவர் அந்தக் கயிற்றைத் தளர்த்திக் கட்டியிருந்தார். அவருக்கு நாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.